நாத்தனார் புடவையும் இரண்டாவது ஹார்டு டிஸ்க்கும்

காஞ்சிபுரம் ஓரிக்கை கோதண்டபாணி எதையும் தூக்கிப் போட மாட்டார். கிழிந்த காலண்டர், மை தீர்ந்த பேனா, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி எல்லாமே அவர் வீட்டில் ஆயுள் சந்தா கட்டியதுபோல் பத்திரமாக இருக்கும். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதிப் பழகிய கைக்கு, வீட்டுக்கு வந்ததும் எழுத ஒரு பஸ்கூட இல்லாமல் போயிற்று. மகள் ஜெயப்ரியா சென்னையில் தான் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தாள். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அவள் நினைத்தாள். பொழுது போனது வாஸ்தவம்தான். கம்ப்யூட்டரில் இருந்த இடமும் சேர்ந்தே போயிற்று.

காரணம், பஸ் படங்கள். வேலையில் இருந்த கடைசி சில வருஷங்களில் டிப்போவுக்குள் வந்த பஸ்களையெல்லாம் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நம்பர் பிளேட் தனியாக ஒன்று. மொத்தம் பதினோராயிரம் சொச்சம். அதில் பாதி கை ஆடி மங்கலாக வந்தவை. "மங்கலா இருக்கறத அழிச்சிடலாமேப்பா" என்று ஜெயப்ரியா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மங்கலாக இருந்தாலும் அதுவும் ஒரு பஸ்தானே என்றார். கம்ப்யூட்டரில் அழிப்பதற்கு ஒரு பட்டன் இருப்பதே அவருக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த பிறகும், ஊரில் நமக்கு வேண்டாத உறவுக்காரர் வீடு இருக்கும் தெருவைப்போல அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி கிருஷ்ணவேணி. திருமுக்கூடல்காரி. அவளும் ஒன்றைத் தூக்கிப் போடாமல் இருபத்தேழு வருஷமாக வைத்திருந்தாள். அது ஒரு வார்த்தை.

கல்யாணத்தன்று நடந்தது. மாப்பிள்ளையின் அக்கா காமாட்சியம்மாள் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். முடிச்சுப் போட்ட நாத்தனாருக்குப் பெண் வீட்டார் பட்டுப் புடவை எடுத்துக் கொடுப்பது வழக்கம். கிருஷ்ணவேணியின் அப்பா, வேர்க்கடலை போட்டுப் பிழைத்த விவசாயி, தாமே காஞ்சிபுரத்துக்கு வந்து, ஒரு பகல் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடவை வாங்கியிருந்தார். அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து, உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வாசற்படி தாண்டிய கிருஷ்ணவேணியின் காதில் நாத்தனாரின் குரல் விழுந்தது: "இது டூப்ளிகேட் ஜரிகை." அவ்வளவுதான். புடவை திரும்பவும் தாம்பாளத்துக்கே வந்தது. காமாட்சியம்மாள் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒருவரைப் பார்த்துப் படிப்பில்லாதவன் என்றாலும் பொறுத்துக்கொள்வார்கள். போலி ஜரிகை கொடுத்தவன் என்றால் அந்தச் சொல் தலைமுறைக்கும் ஒட்டிக்கொள்ளும். கிருஷ்ணவேணியின் அப்பா சாகும்வரை மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், தண்ணீர் குடித்த செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொடவைய யாருகிட்டயாவது காட்டினியாம்மா? நான் ஏமாந்துட்டேனா?" என்று கேட்பார். "காட்டலப்பா" என்பாள். காட்டவேயில்லை. காட்டி, அது போலியென்று தெரிந்துவிட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது? தெரியாமலே இருக்கட்டும் என்று பீரோவுக்குள் பூட்டி வைத்தாள். அவர் போய் எட்டு வருஷமாகிவிட்டது. புடவையும் மடிப்பு மடிப்பாக இற்றுப் போயிற்று. போன வருஷம் கரையை மட்டும் கத்தரித்தெடுத்து, பிரிந்த ஜரிகை இழைகளை ஓர் அட்டையில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள்.

இதற்கு நடுவில் காமாட்சியம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தாள். "நான் எப்பம்மா சொன்னேன்? கலரு புடிக்கல, வச்சிட்டு வந்தேன்" என்பாள். சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். சொல்லிவிட்டு இல்லையென்று அடிப்பதை எப்படித் தாங்குவது? கிருஷ்ணவேணிக்கு வயிறெரிந்தது.

அதற்குச் சாட்சி கல்யாண வீடியோ கேசட்தான். அதுவும் பீரோவில் இருந்தது. கல்யாணமான புதிதில் கேசட் போடும் டெக்கை வாடகைக்கு எடுத்து ஒருமுறை போட்டார்கள். தாலி கட்டும் இடம் வந்ததும் கரண்ட் போயிற்று. கரண்ட் திரும்பி வருவதற்குள் டெக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தாலிக்குப் பிறகு கேசட்டில் இருந்ததை இந்த உலகத்தில் யாருமே பார்த்ததில்லை. கேசட்டில் பூஞ்சை பூத்துவிட்டது என்று தெரிந்ததும் கிருஷ்ணவேணி பதறி, அதை மகளிடம் கொடுத்தனுப்பினாள். ஜெயப்ரியா சென்னையில் ஒரு கடையில் கொடுத்து மாற்றினாள். ஒருமுறை ஓடி முடிந்ததும் டேப் துண்டு துண்டாக அறுந்துவிட்டது. இனி அந்தக் கல்யாணம் இருப்பது ஒரே இடத்தில்தான்: அவள் புதிதாக வாங்கி, அதில் வீடியோவை ஏற்றி, அப்பாவுக்குக் கூரியரில் அனுப்பிய ஹார்டு டிஸ்க்கில்.

"வெளிய தொங்கற டிஸ்க்கு வாங்கினா அப்பா அதைப் பத்திரமா எங்கியாவது வச்சிட்டு மூணு வருசம் தேடுவாரு. இது பொட்டிக்குள்ளயே மாட்டறது. பழைய டிஸ்க்கு பக்கத்துலயே எடம் இருக்குது. ரெண்டு ஒயரு சொருகினா போதும்" என்று அம்மாவிடம் போனில் சொன்னாள்.

கிருஷ்ணவேணி உடனே நாத்தனாரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாள். வடை, பாயசத்தோடு. "எமகண்டத்துக்கு முன்னாடியே வந்துர்றேன்" என்றாள் காமாட்சியம்மாள். இருபத்தேழு வருஷ வழக்குக்குத் தீர்ப்பு நாள் குறித்தாகிவிட்டது. நீதிபதி கம்ப்யூட்டர். அதை ஓடவைக்க வேண்டியவர் கோதண்டபாணி.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் வைத்து வேலையை ஆரம்பித்தார். மூடியைக் கழற்றினார். இடம் இருந்தது. வயர் இருந்தது. டிஸ்க்கை உள்ளே தள்ளினார். ஆனால் அது நிற்கவில்லை, ஆடிற்று. பிடித்து முறுக்க நாலு ஸ்குரூ வேண்டும்.

ஸ்குரூவா இல்லை? நானூறு ஸ்குரூ வைத்திருப்பவர் அவர். மூன்று டப்பாக்களைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மிக்ஸி ஸ்குரூ, டேபிள் ஃபேன் ஸ்குரூ, எந்த பஸ்ஸிலிருந்தோ உதிர்ந்த ஸ்குரூ. ஒன்றுகூடச் சேரவில்லை. ஒன்பது மணிக்கு அவருக்குத் தன் வாழ்க்கை முறையின்மேலேயே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அடுத்த கணம் போய்விட்டது.

சரி, கட்டிவிடலாம் என்று தீர்மானித்தார். கட்டுக்கம்பி கையிலேயே இருந்தது. எடுத்தவர், சட்டென்று வைத்துவிட்டார். "கம்பி கட்டினா கரண்ட் பாயும். ஷாக் அடிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நேரத்தில் தம்முடைய புத்தியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. கம்பி கூடாது, நூல்தான் சரி. சணல் பார்த்தார், தடிமன். தையல் நூல் பார்த்தார், அறுந்தது. அலமாரி மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் தென்பட்டது. திறந்தால், ஓர் அட்டையில் சுற்றி, மெல்லிசாக, வலுவாக, அழகாக மின்னும் நூல். கிருஷ்ணவேணி அடுப்படியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியதுதானே? நூலுக்கெல்லாம் யாராவது அனுமதி கேட்பார்களா?

நாலு இழை சேர்த்து முறுக்கி, டிஸ்க்கை மேலே கீழே குறுக்கே நெடுக்கே என்று சுற்றிக் கட்டினார். மிச்சமிருந்த நுனி தொங்கிக்கொண்டிருந்தால் பார்க்க நன்றாக இராது என்று, கரண்ட் வயர் சொருகும் சந்தில் அதைக் குச்சியால் உள்ளே தள்ளி ஒளித்தார். டிஸ்க் அசையவில்லை. பெருமையோடு பட்டனை அழுத்தினார்.

உள்ளே இருந்த ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றது. 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

மறுபடி அழுத்தினார். அரைச்சுற்று, டிக். ஸ்விட்சை மாற்றினார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் மிக்ஸி பிளக்கில் சொருகினார். டிக். பெட்டிக்குள் வாயை வைத்து ஊதினார். நானூறு வருஷத் தூசி பறந்து அவர் மூக்கிலேயே ஏறிற்று.

"இன்னாங்க ஆச்சு?" என்றாள் கிருஷ்ணவேணி, கையெல்லாம் உளுந்து மாவோடு.

"ஒண்ணுமில்ல. சூடாவுது."

"அண்ணி வர்றதுக்குள்ள ஓடுமா ஓடாதா?"

"ஓடும் ஓடும். பஸ்ஸே காலையில ஒரு உறுமு உறுமித்தான் கெளம்பும்."

அவள் நம்பவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்ததும்தான் கோதண்டபாணிக்கு விஷயம் உறைத்தது. வீடியோவுக்கு வேறு பிரதி கிடையாது. டிஸ்க் கருகியிருந்தால், அவள் அப்பாவின் பேரில் விழுந்த சொல்லுக்குச் சாட்சியே இல்லாமல் போகும். கருக்கியவன் யார் என்ற கேள்விக்கு மட்டும் நிறைய சாட்சி இருக்கும். மகளுக்குப் போன் போட்டார்.

"புது டிஸ்க்கு ஒயரப் புடுங்கிட்டு ஆன் பண்ணுங்கப்பா. ஓடுச்சுன்னா டிஸ்க்குலதான் பிரச்சினை. ஓடலன்னா வேற எதுவோ" என்றாள் ஜெயப்ரியா.

நல்ல யோசனை. டிஸ்க்கில் சொருகியிருந்தவை இரண்டு வயர்கள். ஒன்று படம் போக வர, மற்றது கரண்ட் போக. கோதண்டபாணி படம் போகிற சின்னதைப் பிடுங்கினார். பெரியதைத் தொடவில்லை. அதைப் பிடுங்கினால், தாம் அவ்வளவு பாடுபட்டு ஒளித்த நுனி வெளியே வந்துவிடுமே. பட்டனை அழுத்தினார். டிக்.

"அப்பவும் ஓடலம்மா. புது டிஸ்க்கு மேல தப்பில்ல. பழைய டிஸ்க்கு போயிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். பதினோராயிரம் பஸ்கள் கண்முன் வரிசையாகப் புறப்பட்டுப் போயின. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் தணிகாசலம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "புதுசு வந்ததும் பழசு கோச்சிக்கினு படுத்துக்குச்சிபா கோதண்டம். எல்லா வூட்லயும் நடக்கறதுதான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, வடை வாசனை வந்ததால் போகாமல் உட்கார்ந்தார்.

ஜெயப்ரியாவோடு பாலிடெக்னிக் படித்த ஏஞ்சல், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருப்பவள். ஞாயிறு கடை விடுமுறை. ஜெயப்ரியா கெஞ்சியதால், காலை ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளை சுடிதாரிலேயே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உள்ளே டார்ச் அடித்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னா அங்கிள் இது? ஹார்டு டிஸ்க்குக்குக் கல்யாணமா? ஜரிகைல ஜோடிச்சி வச்சிருக்கீங்க!"

"ஸ்குரூ சேரலம்மா. அதான் நூல் கட்டினேன்."

"நூலா? அங்கிள், ஜரிகைன்னா மேல சுத்தியிருக்கறது ஃபுல்லா மெட்டல். பாருங்க, நுனியக் கொண்டுபோய் கரெக்டா பவர் பின்ல தள்ளியிருக்கீங்க. பொட்டி முழுக்க ஷார்ட் ஆயிக்கினு இருக்குது. அதான் பவர் சப்ளை ஆன் ஆவ மாட்டேங்குது. நல்ல வேளை, அதுவா கட் பண்ணிக்கினு எல்லாத்தையும் காப்பாத்துது."

அன்று காலை கட்டுக்கம்பியையும் நூலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் கோதண்டபாணி. பட்டு ஊரில் பிறந்து, ஜரிகையை நூலென்று நம்பியிருக்கிறார்! தணிகாசலம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

ஏஞ்சல் ஜரிகையை அறுத்து இழுத்துப் போட்டாள். அப்போதுதான் கிருஷ்ணவேணி முன்னறைக்கு வந்தாள். தரையில் கிடந்ததைப் பார்த்தாள். பக்கத்தில் பிஸ்கட் டின் திறந்து கிடந்தது.

"யாரு எடுத்தது இத?"

எல்லோரும் கோதண்டபாணியைப் பார்த்தார்கள். அவள் குனிந்து இழைகளைப் பொறுக்கினாள். "எங்கப்பா வாங்கினது" என்றாள். கத்தியிருந்தால்கூட கோதண்டபாணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏஞ்சலுக்குக் கதை தெரியாது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, "ஆன்ட்டி, ஒரிஜினல் ஜரிகை போல. அதான் இவ்ளோ நல்லா கரண்ட் பாஞ்சிருக்குது" என்றாள்.

கிருஷ்ணவேணி நிமிர்ந்தாள். "இன்னா சொன்ன? ஒரிஜினலா?"

இங்கேதான் கோதண்டபாணி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் எதையும் சரியாகக் குறித்து வைத்த டைம் கீப்பர் ஆயிற்றே. "அப்படிச் சொல்ல முடியாதும்மா. டூப்ளிகேட்டு ஜரிகைலயும் செம்புக் கம்பிதான் இருக்குது. செம்புலயும் கரண்ட் பாயும்" என்றார்.

கிருஷ்ணவேணி பார்த்த பார்வையில் அவர் நாற்காலியோடு நாலு விரற்கடை பின்னால் நகர்ந்தார்.

"குடுமா இங்க" என்று தணிகாசலம் எழுந்தார். ஒரு இழையை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கரண்ட் பாய்ந்த நுனி கருகியிருந்தது. வேட்டி முனையால் கரியைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கிறவரை வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கவில்லை.

"மேல தங்க முலாம் எரிஞ்சி போன எடத்துல பாரு. செம்பா இருந்தா செவப்பு காட்டும். இது வெள்ளையா மின்னுது. வெள்ளிம்மா. அசல் வெள்ளி ஜரிகை. இந்த மாதிரி இப்ப எங்க வருது?"

"நல்லா பாத்தீங்களாண்ணா?"

"நாப்பது வருசமா இதத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

கிருஷ்ணவேணி அந்த இழையை வாங்கிக்கொண்டு போய், கூடத்தில் மாட்டியிருந்த அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். "நீ ஏமாறலப்பா" என்றாள். "நீ ஏமாறவே இல்ல." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எட்டு வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. பயந்து பயந்து பூட்டி வைத்ததற்காகவும் சேர்த்து அழுதாள். கோதண்டபாணி பக்கத்தில் போய் நின்றார். தாம் ஷார்ட் பண்ணாமல் இருந்திருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்குமா என்று கேட்க நினைத்தார். இந்தத் தடவை கேட்கவில்லை. புத்திசாலித்தனம் தாமதமாகவாவது வந்து சேர்ந்தது.

ஏஞ்சல் தன் பையிலிருந்து நாலு ஸ்குரூ எடுத்து இரண்டே நிமிஷத்தில் டிஸ்க்கை முறுக்கினாள். பட்டனை அழுத்தினாள். ஃபேன் முழுச்சுற்று சுற்றிற்று. கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. பழைய டிஸ்க் வந்தது, பஸ்கள் எல்லாம் அதனதன் நம்பரோடு வந்தன. புது டிஸ்க் மட்டும் வரவில்லை.

"செத்துப்போச்சா?" என்றாள் கிருஷ்ணவேணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. ஜரிகை அசல் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னது யார் என்பதற்குச் சாட்சி அதற்குள்தானே இருக்கிறது?

"ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்றார் கோதண்டபாணி. அந்தச் சொல்லை அவர் எங்கோ கேட்டிருந்தார். மௌஸை நோக்கி நீண்ட அவர் கையை ஏஞ்சல் பட்டென்று தட்டினாள்.

"அங்கிள்! அதத் தொட்டீங்கன்னா உங்களுக்குக் கல்யாணமே ஆவலன்னு ஆயிடும். டிஸ்க்கு உயிரோடதான் இருக்குது. இதோ, அடியில இருக்குது பாருங்க. இந்தக் கம்ப்யூட்டர் அதுக்கு இன்னும் எழுத்து குடுக்கல. பழசுக்கு சி, டி இருக்குது. இதுக்கும் ஒரு எழுத்து வச்சாதான் கூப்புட்டா வரும். இன்னா வைக்கலாம்?"

"கே வையி" என்றாள் கிருஷ்ணவேணி உடனே. வீட்டுக்காரர் பேருக்கும் அதே எழுத்து என்பதால், அவருக்காக என்று யாரும் தவறாக நினைத்துக்கொள்ளக் கூடாதென்று, "என் பேருக்கு" என்று சேர்த்தாள்.

கே வந்தது. உள்ளே ஒரே ஒரு வீடியோ இருந்தது. சரியாக அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. பிள்ளையார்பாளையத்திலிருந்து காமாட்சியம்மாள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கினாள். எமகண்டத்துக்கு முக்கால் மணி நேரம் பாக்கி.

"வாங்க அண்ணி, உக்காருங்க" என்று கிருஷ்ணவேணி அவளைக் கம்ப்யூட்டருக்கு நேர் எதிரில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு எல்லோர் முன்னாலும், "அண்ணி, எங்கப்பா உங்களுக்கு எடுத்த பொடவை அசல் வெள்ளி ஜரிகையாம். தணிகாசலம் அண்ணன் பாத்துட்டாரு" என்றாள்.

காமாட்சியம்மாள் தண்ணீரை முழுங்கினாள். "அப்படியா? அப்ப அத எனக்குக் குடுக்க வேண்டியதுதானே? என் பொடவதானே?"

தணிகாசலம் வடையைக் கையில் வைத்தபடி சிலையானார்.

"அது கிழிஞ்சி போச்சி அண்ணி. நீங்க டூப்ளிகேட்டுன்னு சொல்லி வச்சிட்டுப் போனீங்கல்ல?"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"அதான். அதுக்குத்தான் உங்கள வரச்சொன்னேன். ஏஞ்சல், போடும்மா. தாலி கட்டினதுக்கு அப்பால இருந்து போடு."

படம் ஓடிற்று. தலை நிறைய முடியும் தடித்த மீசையுமாகக் கோதண்டபாணி. அவரே தம்மை அடையாளம் தெரியாமல் ஒரு கணம் பார்த்தார். தாம்பாளத்தோடு கிருஷ்ணவேணியின் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டையில் கடையின் மடிப்புகூடக் கலையவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. கிருஷ்ணவேணி திரையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். காமாட்சியம்மாள் புடவையை வாங்கி மடியில் விரித்து, ஆசை ஆசையாகத் தடவினாள். அவள் முகத்தில் குறையே இல்லை. கிருஷ்ணவேணி முன்னால் சாய்ந்தாள்.

அப்போது படத்தில் மாப்பிள்ளை அக்காவின் பக்கம் குனிந்தார். காமிராவுக்கு வெகு அருகில். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, நல்லா உரசிப் பாத்து வாங்கிக்க. இந்தக் கடைல செம்பு ஜரிகை போடறாங்கன்னு டிப்போல பேசிக்கினாங்க."

படத்தில் காமாட்சியம்மாளின் முகம் சுருங்கிற்று. கரையை விரலால் தேய்த்தாள். "ஆமாண்டா. இது டூப்ளிகேட் ஜரிகை" என்றாள். பின்னால் தாம்பாளத்தோடு நின்றவரின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

ஏஞ்சல் படத்தை நிறுத்தினாள். கோதண்டபாணிக்குச் சத்தியமாக நினைவில்லை. டிப்போவில் யாரோ பேசியதை அப்படியே குறித்துக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும் மறந்திருக்கிறார். எதையும் தூக்கிப் போடாத மனிதர், இதை மட்டும் எங்கே போட்டார்?

"பாத்தியா?" என்றாள் காமாட்சியம்மாள். குரலில் கோபமில்லை, அலுப்புத்தான் இருந்தது. "சொன்னேன். இனிமே சொல்லலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கெளப்பி வுட்டது இவன். புதுசா கட்டிக்கினு வந்தவ, மொத நாளே புருசன் மேல கசப்பு வேணாம்னு நான் வாயத் தொறக்கல. இருபத்தேழு வருசமா இவனுக்காவ பொய் சொல்லிக்கினு இருக்கேன். எனக்கு வாய் வலிக்குதும்மா."

கிருஷ்ணவேணி நாத்தனாரைப் பார்த்தாள். இவ்வளவு வருஷம் வேறு முகத்தை மனத்தில் வைத்திருந்ததுபோல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்த நேரத்தில் கோதண்டபாணியின் கை மௌஸுக்குப் போயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை அழிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்திருந்தது. ஆனால் அழிக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

"கைய எடுங்க" என்றாள் கிருஷ்ணவேணி, திரும்பிக்கூடப் பாராமல்.

எடுத்தார்.

"ஏஞ்சல், இதுக்கு ஒரே ஒரு காப்பிதான் இருக்குது. அந்தப் பழைய டிஸ்க்குலயும் ஒண்ணு போட்டு வச்சிடும்மா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும்."

"அதுல எடம் இல்லியே ஆன்ட்டி. பஸ்ஸா ரொம்பி வழியுது."

"பஸ்ஸ எடுத்துடச் சொல்லு."

"வேணி, பஸ்ஸயெல்லாம் புது டிஸ்க்குக்கு மாத்திக்கலாம். அதுலதான் எடம் தாராளமா இருக்குதே" என்றார் கோதண்டபாணி.

"அதுல எங்கப்பா இருக்காரு. அவரு மட்டும்தான் இருக்கணும்."

எழுந்து நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு இலை போடப் போனாள். தணிகாசலமும் ஏஞ்சலும் பின்னாலேயே போனார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. காமாட்சியம்மாள் தன் தம்பி சின்ன வயதில் செய்த இன்னும் நாலு காரியங்களைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

கோதண்டபாணி தனியாக உட்கார்ந்து, மங்கலாக வந்த பஸ்களில் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். முன்பக்கம். மழை நாள், கை ஆடியிருந்தது. ஆனாலும் நம்பரைப் படிக்க முடிந்தது. நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் ஒருமுறை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்பதை அழுத்தினார்.